சரத்தைக் கூப்பிட்ட கார்

ஒரு காருக்கு மொழிபெயர்ப்பாளராக வெளிநாடு போன ஆள் எங்கள் கோத்தகிரியில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். மனிதர்களுக்கு மொழிபெயர்ப்பதுதான் என் பிழைப்பு. சென்னைக்கு வெளியே ஒரு ஜப்பான் தொழிற்சாலையில் வேலை. ஜப்பான் அதிகாரி கோபமாகச் சொல்வதைத் தமிழில் கொஞ்சம் சாந்தமாகவும், நம் ஆட்கள் சொல்லும் சாக்கை ஜப்பானிய மொழியில் கொஞ்சம் பணிவாகவும் மாற்றிக் கொடுப்பேன். இரண்டு பக்கமும் என்னை நம்புகிறார்கள், அது அவர்கள் தலையெழுத்து.

இலங்கையில் வட்டகொடையிலிருந்து புஷ்பம் போன் செய்தாள். என் சித்தி மகன் மகேந்திரனின் மனைவி. அம்மாவும் சித்தியும் கூடப் பிறந்தவர்கள். அம்மா குடும்பத்தோடு கப்பல் ஏறி நீலகிரிக்கு வந்தார், சித்தி அங்கேயே தங்கிவிட்டார். அதனால் எனக்கு இரண்டு தேயிலை மலைகளில் சொந்தம் உண்டு.

"மதினி, நம்ம வண்டி என்னமோ சொல்லிக்கிட்டே இருக்குங்க. யாருக்கும் வெளங்க மாட்டேங்குது. நீங்க ஒரு எட்டு வந்து கேட்டுச் சொன்னா புண்ணியமாப் போகும்" என்றாள்.

மகேந்திரன் கொழும்பில் பத்துப் பன்னிரண்டு வருடம் கடைகளில் வேலை பார்த்துவிட்டு, ஹயர், அதாவது வாடகை வண்டி, ஓட்டிப் பிழைக்கலாம் என்று ஊர் திரும்பி வாங்கிய கார் அது. ஜப்பானில் யாரோ ஓட்டி, கப்பலில் வந்த பழைய கார். ப்ளக்-இன் ஹைப்ரிட் என்று வகை. செல்போன் மாதிரி சுவரில் சொருகி சார்ஜ் ஏற்றினால் மின்சாரத்தில் ஓடும். அது தீர்ந்தால் பெட்ரோலுக்கு மாறும். இரட்டைக் குதிரை என்று நினைத்து வாங்கினான். இரண்டில் ஒன்று எழுந்திருக்கவே இல்லை. பெட்ரோலாகக் குடித்தது.

காரின் திரையைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். வந்த படங்களில் பாதி அவன் கட்டைவிரல். அப்புறம் புஷ்பம் குரலை இறக்கிச் சொன்னாள்: "அவருக்குக் கட்டாருக்கு விசா வந்துருச்சு மதினி. அங்க டிரைவர் வேலை. திங்கக்கிழமை நுவரெலியாவுல ஒரு முதலாளிகிட்ட வண்டியக் குடுத்துட்டு வந்துருவாராம். வண்டி ஒழுங்கா ஓடியிருந்தா போறதப் பத்தி நெனைச்சே இருக்க மாட்டாரு." அன்றைக்கே லீவு எழுதிக் கொடுத்தேன்.

சனிக்கிழமை மத்தியானம் வட்டகொடை ஸ்டேஷனில் இறங்கும்போது தூறல். ரயிலில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சிங்கள அம்மா வழி நெடுக மீன் வைத்த பனிஸ் ரொட்டியை ஊட்டாத குறையாகக் கொடுத்துக்கொண்டே வந்தார். நான் ஒரு வார்த்தை சிங்களம் பேசவில்லை, அவர் ஒரு வார்த்தை தமிழ் பேசவில்லை. ஆனாலும் இறங்கும்போது அவருக்கு மூட்டுவலி என்பதும் எனக்குக் கல்யாணம் ஆகவில்லை என்பதும் இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது.

ஸ்டேஷன் வாசலில் வெள்ளி நிறத்தில் பெரிய கார். மகேந்திரன் பையை வாங்கி வைத்துவிட்டு பொத்தானை அழுத்தினான். ஒரு பெண் குரல், மிக மரியாதையாக, "ஈடீசீ காடோ கா சோன்யூ சரெத்தே இமாசென்" என்றது.

"கேட்டீங்களாக்கா? தெனமும் இதேதான். சரத்து, சரத்துன்னு கூப்புடுறா. யாருக்கா அந்தச் சரத்து?"

சரத் என்பது சிங்களத்தில் நம் முருகன் போலத் தெருவுக்கு நாலு பேருக்கு இருக்கும் பெயர். ஜப்பான்காரி காரை ஸ்டார்ட் செய்யும்போதெல்லாம் தன் சரத்தைத் தேடுகிறாள் என்று அவர்கள் குடியிருக்கும் தோட்டத்து லயத்தில் முடிவு கட்டிவிட்டார்கள். பாவம், கப்பலில் வரும்போது ஆளைத் தவறவிட்டுவிட்டாள் போல என்று புஷ்பம் இரக்கப்பட்டிருக்கிறாள். காருக்கே சரத் என்று பெயர் விழுந்துவிட்டது.

நான் ரோட்டோரத்தில் நின்று சிரித்த சிரிப்பில் ஸ்டேஷன் மாஸ்டர் எட்டிப் பார்த்தார். "சுங்கச்சாவடி கார்டு செருகலைன்னு சொல்லுதுடா. அவ்வளவுதான்." மகேந்திரனுக்கு ஏமாற்றம். இத்தனை நாளாய்க் காதில் விழுந்த சோகக் கதை ஒரு கார்டில் முடிந்துபோனதை அவனால் ஏற்க முடியவில்லை. "அப்ப சரத்து இல்லவே இல்லியா?" என்று தலவாக்கலை ரோடு திரும்பும்வரை கேட்டுக்கொண்டு வந்தான்.

புறப்பட்டதுமே எஞ்சின் உறுமியது. அவன் கை பழக்கமாக ஹீட்டரை முழுசாகத் திருப்பிவிட்டிருந்தது. கண்ணாடியில் ஆவி படரும், கால் விறைக்கும், இந்த மலைக் குளிரில் ஹீட்டர் இல்லாமல் எப்படி ஓட்டுவது என்றான். திரையில் ஒரு வரி வந்து மறைந்தது. எனக்குப் படிக்க நேரம் போதவில்லை. ஒரு வளைவில் எதிரே பஸ் வந்து மூக்கோடு மூக்காக நின்றது. கண்டக்டர் தலையை நீட்டி சிங்களத்தில் ஏதோ கத்த, பஸ்ஸே சிரித்தது.

"என்னடா சொல்றான்?"

"கரண்டு வண்டின்னா கம்பி மேல போக வேண்டியதுதானே, ரோட்டுல என்ன வேலைங்கிறான்."

வீடு என்றால் லயத்தில் ஒரு காம்பரா. வரிசையாக ஒட்டிக் கட்டிய அறைகளில் ஒன்று. முன்னால் சின்ன இடம், பின்னால் அடுப்படி. புஷ்பம் தேங்காய் ரொட்டி சுட்டு, வெங்காயமும் மிளகாயும் மாசிக் கருவாடும் இடித்த சம்பலோடு வைத்தாள். ஒரு வாய்க்குக் கண்ணில் தண்ணீர் வந்தது, ஆனாலும் கை நிற்கவில்லை. பிளேன்டி தந்தாள். கோத்தகிரியில் பாலைக் கொதிக்க வைத்து அதில் தேயிலையைச் சாகடிப்போம். இங்கே வெறும் சாயம், ஒரு கையில் சீனி. நக்கி நக்கிக் குடிக்க வேண்டும். நல்ல தூள் கப்பலேறிப் போகிறது, மிச்சம் நமக்கு என்பது மட்டும் இரண்டு ஊருக்கும் பொது.

புஷ்பம் பிள்ளை மடுவத்தில் வேலை செய்கிறாள். கொழுந்து பறிக்கப் போகிற பெண்கள் கைக்குழந்தைகளை விட்டுப் போகும் இடம் அது. தூளி ஆட்டுவது, பால் கரைப்பது, மூக்குத் துடைப்பது. வெடித்துக் கறுத்த தன் அம்மாவின் விரல்களைப் பார்த்து வளர்ந்ததால், மலைக்கு மட்டும் போகமாட்டேன் என்று சின்ன வயதிலேயே முடிவு செய்தவள். "கூழக் குடிச்சாலும் கொழுந்து பறிக்க மாட்டேன்னு எங்கம்மாகிட்ட சத்தியம் பண்ணுனேன் மதினி" என்றாள் சாதாரணமாக. இங்கே மலை என்றால் தேயிலை வேலை. மலைக்குப் போகிறேன் என்றால் சுற்றிப் பார்க்கப் போகவில்லை என்று அர்த்தம்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் ஹட்டனுக்குப் போனோம். பேட்டரி செத்துவிட்டது என்று சொன்ன மெக்கானிக்கைப் பார்க்க வேண்டும் என்று நான்தான் அடம் பிடித்தேன். எல்லா மெக்கானிக்கையும் போல அவரையும் "பாஸ்" என்றுதான் கூப்பிடுகிறார்கள். பாஸ் எண்ணெய்க் கையால் காரின் நெற்றியைத் தட்டி, "பெட்டரி இவரய்" என்றார். யாரைக் காட்டி 'இவரை' என்கிறார் என்று நான் திரும்பிப் பார்த்தேன். இவரய் என்றால் சிங்களத்தில் தீர்ந்துபோச்சு. எங்கே, எப்படிப் பார்த்தீர்கள் என்று கேட்கச் சொன்னேன். அவர் சொன்னதை மகேந்திரன் தமிழில் சொன்னான்: "பாக்க ஒண்ணுமில்ல. எல்லாமே ஜப்பான் எழுத்தா இருக்கு. சார்ஜ் ஏறலேன்னா செத்துப்போச்சுன்னுதானே அர்த்தம்." நியாயமான மனிதர்தான். படிக்கத் தெரியாததைச் செத்ததில் சேர்ப்பது நம் ஊரிலும் உண்டு.

வடையும் பிளேன்டியும் முடித்துத் திரும்பும்போது ஹீட்டரை அணைக்கச் சொன்னேன். "வெறைச்சுருவோம்க்கா" என்றான். அணைத்தான். கொஞ்ச தூரம் போனதும் உறுமல் நின்றது. ஒரு பெரிய இறக்கம் முழுக்க கார் மௌனமாக வழுக்கிக்கொண்டு போயிற்று. திரையில் பேட்டரிப் படத்துக்குள் ஒரு சின்னக் கோடு ஏறியது. இறங்கினால் நமக்கு முழங்கால் வலிக்கும், இதற்குத் தெம்பு வருகிறது. ஏற்றம் வந்ததும் அந்தத் தெம்பு தீர்ந்து மறுபடி உறுமல்.

ஹீட்டரைத் திரும்பப் போடச் சொல்லி, அந்த வரி வந்ததும் போட்டோ எடுத்துப் படித்தேன். 'வெப்பமூட்டியைப் பயன்படுத்துவதால் எஞ்சின் இயங்குகிறது.' வேறொன்றும் இல்லை. உள்ளே சூடு வேண்டுமென்றால் அடுப்பு மூட்டத்தானே வேண்டும் என்று அந்தக் காரை வடிவமைத்தவர் நினைத்திருக்கிறார். மலையகத்தில் பன்னிரண்டு மாதமும் ஹீட்டர் ஓடும் என்று அவர் கனவு கண்டாரா என்ன.

ஒரு முடிச்சு அவிழ்ந்தது. ஆனால் பேட்டரி ஏன் சுவரிலிருந்து ஏறவில்லை என்பது பாக்கி. மத்தியானம் லயத்து வாசலில் காருக்குள் உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாகத் திறந்து பார்த்தேன். முந்தைய சொந்தக்காரர் ஆணா பெண்ணா தெரியவில்லை. வானொலியில் வானிலை, பழைய பாட்டு. சீட்டின் நினைவுப் பொத்தான் காட்டியபடி, முன்னால் ஒடுக்கி வைத்து ஓட்டியவர். வழிகாட்டியின் பட்டியலைப் பார்த்தால், ஒரு பல் ஆஸ்பத்திரிக்கு அடிக்கடி போயிருக்கிறார். முகம் தெரியாத அந்த ஆளோடு எனக்கு ஒரு சிநேகம் உண்டாகிவிட்டது.

பக்கத்துக் காம்பரா ராமாயி, கொழுந்து பறிப்பவள், நாக்கில் முள் உள்ளவள், எட்டிப் பார்த்தாள். "இந்தியா அக்கா, என்ன சொல்லுது அரைப் பேர் வண்டி?"

எனக்குப் புரியவில்லை. மகேந்திரன் முகம் சுருங்கியது. அவள் போன பிறகு சொன்னான்: "முழு நாளும் மலையில நின்னு, சொன்ன எடை கொழுந்து எடுத்தா ஒரு பேர் போடுவாங்க. கொறைஞ்சா அரைப் பேர். அரைச் சம்பளம்தான். இந்த வண்டி பாதி கரண்டு, பாதி பெட்ரோல், ரெண்டும் ஒழுங்கா இல்லேன்னு அந்தப் பேர வச்சுட்டாங்க. தோட்டத்துல ஒரு ஆள அரைப் பேர்னு சொன்னா, அதுக்கு மேல ஏச்சு கெடையாதுக்கா. அவங்க வண்டியச் சொல்லல. என்னையச் சொல்றாங்க."

எனக்குச் சுருக்கென்றது. ஹைப்ரிட் என்ற சொல்லுக்கு நான் நாளெல்லாம் யோசித்தாலும் இவ்வளவு கச்சிதமான தமிழ் கிடைத்திருக்காது. அதே சொல் இவனைக் கட்டார்வரை துரத்துகிறது.

சார்ஜ் என்ற பக்கத்தின் உள்ளே, இன்னொரு பக்கத்தின் உள்ளே, நேரம் குறிக்கும் கட்டம் இருந்தது. ஜப்பானில் நடுநிசி கழிந்தால் மின்கட்டணம் மலிவு. அந்தப் பல்வலிக்காரர் நடுநிசிக்கு மேல்தான் சார்ஜ் ஏற வேண்டும் என்று குறித்து வைத்திருக்கிறார். சொருகி எவ்வளவு நேரமானாலும் கார் அதுவரை காத்திருக்கும். காரின் கடிகாரமோ இன்னும் ஜப்பான் நேரத்திலேயே ஓடியது. அங்கே நடுநிசி கழியும்போது இங்கே சாப்பிட்டுப் பாய் விரிக்கிற நேரம்.

"தெனமும் எப்படா சொருகுவ?"

"ஹயர் முடிஞ்சு வந்தொடனே சொருகிருவேன். படுக்கிறப்ப எல்லாத்தையும் புடுங்கிருவோம்."

"ஏன்?"

அவன் என்னை விசித்திரமாகப் பார்த்தான். "என்னாக்கா கேக்குறீங்க? லயத்துல ஒரு காம்பரா பத்திக்கிச்சுன்னா வரிசையே போயிரும். ராவுல ஒரு ப்ளக்கு சுவத்துல இருக்கக் கூடாது. டிவி, போன் சார்ஜர், எல்லாம் புடுங்கணும். இங்க எல்லாரும் அப்படித்தான்."

கார் சாப்பிட வாய் திறக்கும் நேரம் பார்த்து இவன் இலையை எடுத்திருக்கிறான். ஒரு நாள் இல்லை, வாங்கிய நாள் முதலாக. யார் மேல் கோபப்படுவது? அங்கே ஒருவர் சிக்கனம் பார்த்தார், இங்கே ஒருவன் பக்கத்து வீட்டையும் சேர்த்துக் காப்பாற்றினான்.

'உடனே' என்று மாற்றிச் சொருகினேன். மூடிக்குப் பக்கத்தில் நீல விளக்கு எரிந்தது. புஷ்பம் அடுப்படியிலிருந்து ஓடிவந்து விளக்கைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். அதே நொடியில் லயம் முழுக்கக் கரண்ட் போனது. ராமாயி வாசலுக்கு வந்தாள். "டிவியில தாலி கட்டப் போறான், அந்த நேரம் பாத்து கரண்டக் கொன்னுட்டீங்களே" என்றாள். இத்தனை நாளாய் அந்தக் கார் உண்மையில் சார்ஜ் ஏறியதே இல்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

தோட்டத்துத் தலைவர்தான் வழி சொன்னார். கோயிலுக்குத் தனி மீட்டர், திருவிழா விளக்குக்காக இழுத்த தடித்த வயர், அது தாங்கும் என்றார். மாரியம்மன் கோயில் வாசலில் கார் சாயங்காலம் முழுக்க நின்று சார்ஜ் குடித்தது. போகிற வருகிறவர்கள் அம்மனைக் கும்பிட்டுவிட்டு வந்து நீல விளக்கையும் பார்த்தார்கள். யாரோ மூடியில் குங்குமம் வைத்துவிட்டார்கள். பேட்டரிப் படம் நிரம்பியது. எனக்குப் பரீட்சையில் முதலாவதாக வந்த சந்தோஷம்.

அதற்கு இரவுச் சோற்றோடு ஆயுள் முடிந்தது. மகேந்திரன் முதலாளிக்குப் போன் செய்து, வண்டி இப்போது சரியாக இருக்கிறது, காலையில் கொண்டு வருகிறேன் என்றான்.

"அதான் சரியாயிருச்சேடா. அப்புறம் எதுக்குக் குடுக்கணும்?"

"சொல்லு குடுத்தாச்சுக்கா. ஏஜென்சிக்கும் சொல்லியாச்சு. வண்டி ஓடும், சரி. ஹயர் தெனம் வருமா? மழை மாசத்துல யாரு வாறா? வீட்டுக்கு ஒரு நெலையான வரும்படி வேணும்ல."

புஷ்பம் அடுப்பைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். ஏதோ சொல்ல வந்தவள் என்னைப் பார்த்தாள், பிறகு ரசம் ஊற்றவா மதினி என்றாள். எனக்கு ஆத்திரமாக வந்தது. காரை விற்காமல் நிறுத்தி வைக்க வந்தேன். நல்ல விலைக்குப் போக வழி செய்து கொடுத்திருக்கிறேன்.

திங்கட்கிழமை விடிந்ததும், அம்மா சொல்லிக் கேட்டிருந்த தப்படிக்கும் சத்தம் இல்லை, சங்குதான் ஊதியது. வேலைக்கு ஆள் எடுத்துப் பேர் பதியும் இடத்தைப் பெரட்டு என்கிறார்கள். பெண்கள் அங்கே போனார்கள். புஷ்பமும் அவர்களோடு சீக்கிரமே கிளம்பினாள். மடுவத்தைத் திறக்க வேண்டும் என்றாள். எங்களுக்கு ரொட்டி கட்டி வைத்திருந்தாள். காரின் பக்கம் திரும்பவில்லை.

நாங்கள் கிளம்பும்போது வெயில் லேசாக வந்திருந்தது. மகேந்திரன் கம்பளிச் சட்டையின் மேல் இன்னொரு சட்டை போட்டிருந்தான், ஹீட்டர் போடவில்லை. சரத்தைக் கூப்பிட்ட குரல் அடங்கிய பிறகு ஒரு சத்தமும் இல்லை. கண்ணாடியை இறக்கினோம். சக்கரத்தின் கீழ் சரளைக்கல் நொறுங்குவதும் ஓடையும் கேட்டன. இதுதான் இந்தக் காரின் உண்மையான ஓட்டம். அதை வாங்கியவன் விற்கப் போகிற நாளில்தான் முதல்முறையாக அனுபவிக்கிறான். அவன் ஸ்டியரிங்கைத் தடவியதை நான் பார்க்காதது போல இருந்தேன்.

தோட்டத்து ரோட்டில் ஒரு வளைவு தாண்டியதும் முன்னால் ஐந்தாறு பெண்கள். தலையில் கயிறு மாட்டிய சாக்கு முதுகில் தொங்க, ரோட்டை அடைத்துக்கொண்டு பேசியபடி நடந்தார்கள். எஞ்சின் சத்தம் கேட்டால் தானாக ஒதுங்குகிறவர்கள். சத்தமே இல்லாததால் ஒருத்தியும் திரும்பவில்லை. மகேந்திரன் ஹார்ன் அடிக்கக் கையைக் கொண்டுபோனான்.

"புஷ்பம் பெரட்டுல பேர் குடுத்துட்டா, பாத்தியா?" என்றது ராமாயியின் குரல்.

கை நின்றது. கார் அவர்கள் நடையின் வேகத்தில் பின்னால் ஊர்ந்தது.

"மடுவத்த விட்டுட்டாளா?"

"நாளையிலேருந்து நம்மளோட மலைக்கு வாறா. அவரு வண்டியோட இங்கனயே இருக்கட்டும், கொறையிறத நான் பேர் போட்டு நெரப்பிக்கிறேன்னு சொன்னா. கங்காணி ரெண்டு தரம் கேட்டாரு, வெளங்கித்தான் சொல்றியான்னு."

"புருஷன்காரன் இன்னைக்கு வண்டியக் குடுக்கப் போறான்ல?"

"அவனுக்குத் தெரியாது, நுவரெலியா போய்ச் சேர்றதுக்குள்ள போன்ல சொல்லிருறேன்னா. நேத்தே சொல்லியிருப்பா. இந்தியாவுலேருந்து மதினி வந்திருக்காங்க. ஒத்தக் காம்பராவுல அவங்க முன்னாடி எப்புடிப் பேசுவா?" கொஞ்ச தூரம் நடந்துவிட்டு அவளே சொன்னாள்: "தூளி ஆட்டுன கைடி. மொத நாளே கிழிஞ்சுரும்."

எனக்கு உட்கார்ந்த இடத்தில் கூசியது. இரண்டு இரவும் அந்த அறையின் நடுவில் பாய் போட்டுப் படுத்திருந்தவள் நான். அவர்கள் இரண்டு பேருக்கும் பேச ஒரு மூலை கூட மிச்சம் வைக்கவில்லை.

மகேந்திரன் பிரேக்கை மிதித்தான். கல் நொறுங்கிய சத்தத்தில் ராமாயி திரும்பினாள். சாக்கின் கயிற்றை இழுத்து விட்டுக்கொண்டாள். "எப்பருந்து தம்பி பின்னால வாறீங்க?" என்றாள் கடைசியில்.

அவன் போனை எடுத்து முதலாளியோடு சிங்களத்தில் நாலு வார்த்தை பேசினான். அதில் எனக்குத் தெரிந்த சொல் ஒன்றே ஒன்று, 'நே'. இல்லை என்று அர்த்தம். பிறகு பெண்கள் ஒதுங்கி நின்று வழிவிட, அந்த ஒடுக்கமான ரோட்டில் முன்னும் பின்னுமாக நாலைந்து முறை ஒடித்துக் காரைத் திருப்பினான்.

பிள்ளை மடுவத்து வாசல்வரை கார் போய் நின்றது. உள்ளே வரிசையாகத் தூளிகள், எல்லாப் பிள்ளைகளும் தூக்கத்தில். ஒன்றும் விழிக்கவில்லை. புஷ்பம் முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு தூளியை ஆட்டிக்கொண்டிருந்தாள். மகேந்திரன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் அவள் பக்கத்தில் நின்றான். நான் வாசலிலேயே நின்றுகொண்டேன்.

"நீ மலைக்குப் போக வேணாம்" என்றான், பிள்ளைகள் எழுந்துவிடாத குரலில். "நானும் போகல."

தூளி நின்றது. புஷ்பம் திரும்பினாள். "யாருங்க சொன்னா?"

"யாரும் சொல்லல புள்ள. வண்டி சத்தம் போடல."